உள்பக்கம் வெட்டிய பெயர்

நிலவுத் தென்முனை அணு உலை, வெந்நீர்ப் பிரிவு

மார்ச் 3, 06:00
வெந்நீர் 320 டிகிரி. அழுத்தம் சீர். பழைய அணி பூமிக்குக் கிளம்பியது. புதிய அணி பத்து நாளில் வரும். அதுவரை இங்கே இருவர்தான்: பொறியாளர் இசக்கியம்மாளாகிய நான், ஆண்டு விழாவுக்கு வந்து தங்கிவிட்ட இயக்குநர் அரங்கநாயகம். வேறு குறிப்பில்லை.

மார்ச் 4, 10:20
இரண்டாம் குழாயின் மூடியைச் சோதித்தேன். நிக்கல் கலவை உலோகம். விரிசல் முக்கால் கனத்தைத் தாண்டிவிட்டது. தொடங்கிய இடம், இயக்குநரின் பெயர்.

இதைக் கண்டெடுப்பவருக்குப் புரிய வேண்டும். திறப்பு விழாவுக்கு முன் இரண்டு மூடிகளிலும் தன் பெயரை வெட்டச் சொன்னார். வெளியே வெட்டினால் அடுத்து வருகிறவன் சுரண்டிவிடுவானாம். அதனால் உள்பக்கம், தண்ணீர் படும் பக்கம். உளி பட்ட இடத்தில் உலோகம் இழுபட்டு நிற்கும், இந்தச் சூட்டில் தண்ணீர் அங்கேதான் வாய் வைக்கும் என்று என் கணவர் சுடலைமுத்து மூன்று முறை சொன்னார். வந்த பதில்: "ஏம்ப்பா, எவர்சில்வர் பாத்திரத்துல பேரு வெட்டறதில்லையா? ஒழுகவா செய்யுது?"

முதல் மூடி போன வருடம் வெடித்தது. சுடலை அந்தக் குழாய் அறைக்குள் இருந்தார். கதவைத் திறக்கக் கூடாது என்று வெளியே நின்றவர் இந்த இயக்குநர். அறிக்கையில் குற்றவாளி சுடலை. தண்ணீரைச் சுத்தமாக வைக்கவில்லையாம். பழி தண்ணீர் மேல் போனதால் இரண்டாம் மூடியை யாரும் மாற்றவில்லை. பாவி.

மார்ச் 4, 18:40
அறிக்கையைத் திருத்தச் சொல்லி இயக்குநரிடம் உள்பேசியில் கேட்டேன். "செத்தவன் மேல பழி கெடந்தா யாருக்கும்மா நஷ்டம்? விடு."

அவர் தங்கியிருக்கும் விருந்தினர் அறை இரண்டாம் குழாயை ஒட்டியது.

மார்ச் 5, 09:15
உள்பேசியில் இயக்குநர்: "குளிருதும்மா. சூடு ஏத்து."

மூடியில் விரிசல் இருக்கிறது என்றேன். "புருஷன் பாட்டையே நீயும் பாடாத. ஏத்துன்னா ஏத்து."

சுடலை மூன்று முறை சொன்னார். நான் ஒரு முறையோடு நிறுத்திக்கொண்டேன். ஆணைப்படி ஏற்றினேன். 335.

மார்ச் 6, 14:32
மூடி போய்விட்டது. உலையை அணைத்தேன். நீராவி இயக்குநரின் அறைக்குள் பரவியதும் அதன் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. திறக்கும் பொத்தான் என் மேசையில். கதவைத் தட்டியபடி உள்பேசியில் கத்துகிறார்:

"இசக்கி, என் பேராலதாம்மா எல்லாம். சுடலை மேல தப்பில்ல. எழுதிக்க. தொறம்மா."

எழுதிவிட்டேன். குரலைப் பூமிக்கும் அனுப்பிவிட்டேன். கை பொத்தான் வரை போனது. திரும்பி வந்துவிட்டது. சுடலையும் இப்படித்தான் தட்டினார்.

மார்ச் 6, 14:40
தட்டும் சத்தம் இல்லை. வெப்பம் 210, இறங்குகிறது. அழுத்தம் இல்லை. வேறு குறிப்பில்லை.