ஓஸ்வால்ட் வாசலில் என் கூரை

மே 9
மாடிக் கூரையின் தகர ஷீட்டுக்கு நானே போல்ட் போட்டு முடித்தேன். பக்கத்து வீட்டு ஓஸ்வால்ட் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஏன் சேஷா, வெல்டரைக் கூப்பிட்டா கௌரவம் கொறைஞ்சிடுமா?" என்றான். ஸ்பேனரை எடுத்துக் கடைசி போல்ட்டை இன்னொரு சுற்று முடுக்கினேன்.

மே 12
எழுத வரவில்லை. சாயங்காலம் காற்று - காற்றா அது? மாடி மேல் லாரி ஏறின மாதிரி. ஷீட் பிய்த்துக்கொண்டு ஓஸ்வால்ட் வாசலில் விழுந்தது. துணி எடுக்க வந்த அவன் மனைவி அல்போன்சாவின் கால் மேல். கத்தினாளா? எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

மே 13
"போல்ட் சரியில்ல, கிழவன் யார் பேச்சைக் கேட்டான்" என்கிறது தெரு. போல்ட் சரிதான்! எதிர் வீட்டுக் கொடியில் துணிகூட அசையவில்லையே. டார்னடோ என்கிற சுழற்காற்று அப்படித்தான், ஒரு கோடு கிழித்துக்கொண்டு போகும். நானே தேடிப் படித்தவன். வானிலை ஆபீசுக்குப் போன் செய்தேன். வருவார்களாம்.

மே 14
ஏரிக்கரையில் அதே காற்றில் விழுந்த மரங்களை அறுத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். சாட்சியே போச்சு! ஷீட் ஒன்றுதான் மிச்சம். ஓஸ்வால்டின் மகள் ஜோவிதா வந்தாள். "அங்கிள், அம்மா ரத்தம் அதுல அப்படியே இருக்கு. எடுத்துரலாமா?" கூடாது என்றேன். வாசலை அடைத்துக் கிடக்கிறது. பின்கதவால் போய் வருகிறார்கள்.

மே 16
வந்தார்கள். வித்யாலட்சுமி என்று ஓர் அதிகாரி. மரம் போனாலும் வேர்க்குழி சொல்லுமாம். தெற்கே நின்றவை வடக்கே விழுந்திருக்கின்றன, வடக்கே நின்றவை தெற்கே. வெறும் புயற்காற்று என்றால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். "டார்னடோதான் சார். எந்த போல்ட்டும் நின்னிருக்காது."
கேட்டுக்கொள்ளட்டும் தெரு!
ஷீட்டைக் காட்டி, உங்களுக்காகத்தான் யாரையும் தொடவிடவில்லை என்றேன். காய்ந்த ரத்தத்தைப் பார்த்தாள்.
"ஒரு போட்டோ எடுத்து வெச்சிருந்தா போதுமே சார்."
போட்டோ. எனக்கு ஏன் தோன்றவில்லை? அவள் போனதும் நானே இழுத்து அப்புறப்படுத்தினேன்.

மே 17
ஆஸ்பத்திரிக்குப் போய் ஓஸ்வால்டிடம் சொன்னேன் - உறுதியாகிவிட்டது, டார்னடோ, என் மேல் தப்பில்லை.
"சரிப்பா, தூக்கிப் போட்டது காத்துதான். எடுக்காதேன்னு சொன்னதும் காத்துதானா?"
அல்போன்சாவின் பாதத்தை இன்று காலை வெட்டி எடுத்துவிட்டார்களாம்.

மே 26
பேப்பரில் டார்னடோ செய்தி. "நீங்க சொன்னது கரெக்ட் சார்" என்று இரண்டு பேர் வந்தார்கள். உட்காரச் சொல்லவில்லை.
மதியம் அல்போன்சாவைத் தூக்கி வந்தார்கள். கேட் வரை போனேன். ஓஸ்வால்ட் வெளியே வந்து, "இப்ப வேணாம் சேஷா" என்றான்.
சரி என்றேன். கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பி நடந்தேன்.