யாருடைய முப்பது நாள்?

மார்ச் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் இருக்கும் மறுவாழ்வு இல்லத்தில் தொண்ணூறு நாளும் போன் தரமாட்டார்களாமே. எனக்கு அதுவே வசதி. போனில் பேசச் சொன்னால் எனக்கு மூச்சு மட்டும்தான் வரும்.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "குடியை விட்டவங்க கூடுற கூட்டம் ஒண்ணுல போய் உக்காரட்டும். அப்புறம்தான் இந்த வீட்டுக் கதவு திறக்கும்." அந்தக் கூட்டத்தை யார் தேடுவது என்று சொல்லவில்லை. நானே கிளம்பிவிட்டேன்.

லாண்டரியில் நாலு மணிக்கு வேலை முடிகிறது. நாளெல்லாம் வெள்ளை விரிப்புகளை ஆவியில் தேய்த்துவிட்டு வெளியே வந்தால் தெருவும் ஆவியாகவே மிதக்கிறது. சாலைக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலையில் நீங்கள் போட்ட வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டே நடக்கிறேன். நீங்கள் குடித்துவிட்டு வேலை பார்த்த அன்று போட்டது, மருந்துக்கடைக்கு முன்னால் அது கொஞ்சம் நெளியும். அங்கே நானும் நெளிந்தே நடப்பேன்.

இரண்டு கூட்டம் பார்த்தேன். நூலக மாடியில் எல்லாரும் டை கட்டியவர்கள். உங்கள் பெயிண்ட் செருப்புக்குக் கூச்சமாக இருக்கும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நடப்பதில் ஒருவரே ஒரு மணி நேரம் பேசினார், மற்றவர்கள் தூங்கினார்கள். எது சரிப்படும்?

உங்கள் வாயாடி

மார்ச் 15

என் வாயாடிக்கு,

வாயே திறக்காதவளுக்குக் கேலியாக வைத்த பேர். கடிதத்தில் அதை நிஜமாக்குகிறாய்.

நூலகம் வேண்டாம். அதன் பின்சந்தில் ஒரு சாராயக் கடை உண்டு. பலகை கிடையாது, உனக்குத் தெரியாது. பேருந்து நிலையத்தைச் சுற்றி நாலு. இந்த ஊரில் எனக்குத் தெரிந்த வரைபடம் இதுதான், வெட்கமாக இருக்கிறது.

அதைவிட, பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்று நான் என்னவென்று சொல்வேன்? அலையாதே. எனக்கு அதெல்லாம் ஒத்துவராது.

இங்கே மதியங்கள் ரொம்ப நீளம். கண்ணை மூடினால் கோடு போட்டுக்கொண்டே போகிறேன். சாலை முடிவதே இல்லை.

அப்பா

மே 17

அன்புள்ள அப்பாவுக்கு,

கிடைத்துவிட்டது! வழியில் ஒரு சாராயக் கடைகூட இல்லை, தெருத்தெருவாகப் பார்த்துவிட்டேன். மூடிப்போன நீச்சல்குளத்தின் உடைமாற்றும் அறை. செவ்வாயும் வெள்ளியும் மாலையில். சுவரெல்லாம் நீலம். கண்ணாடிக் கூரையில் வெயில் சாயும்போது எல்லாரும் தண்ணீருக்கடியில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும். பேச விருப்பமில்லையென்றால் தலையை ஆட்டினால் போதும். கதவோரம் ஒரு நாற்காலி இருக்கிறது. அது உங்களுக்கு.

ஆனால் ஒரு தப்பு நடந்துவிட்டது.

உங்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்க ஒரு மாதமாகப் போய்த் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். நேற்று, அங்கே டீ ஊற்றுகிற கண்டக்டர் எழுந்தார். "நம்ம சின்னப் பொண்ணு வந்து முப்பது நாளாச்சு. இந்த வயசுல குடியை விடுறது லேசுப்பட்ட காரியமா?" எல்லாரும் கைதட்டினார்கள். முப்பது நாள் குடிக்காமல் இருந்தவர்களுக்குத் தருகிற, காசு மாதிரி ஒரு வில்லையை என் கையில் வைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் உட்காருகிற தையல்காரம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

குடித்தவர்கள் மட்டும் வரலாம் என்று கதவில் எழுதியிருக்கிறதாம். கதவு எப்போதும் சுவரோடு சாய்த்துத் திறந்திருக்கும், நான் எங்கே படிப்பது? 'நான் குடிப்பதில்லை' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். 'நன்றி' என்று வந்தது. இனிமேல் போகாமல் நின்றால், மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டேன் என்று கவலைப்படுவார்கள்.

அம்மாவிடம் வில்லையைக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "உங்கப்பனுக்காகப் படிப்பை விட்டே. இப்போ அவருக்குப் பதிலா குடியையும் நீயே விட்டுட்டியா?" என்றாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உங்கள் வாயாடி

மே 24

அம்மாடி,

உன் கடிதத்தை இங்குள்ள டாக்டருக்குப் படித்துக் காட்டினேன். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அவர் போனபின் அம்மா சொன்னதை மறுபடி படித்தேன். அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

நீ எதுவும் சொல்ல வேண்டாம். ஜூன் 3, செவ்வாய், என்னை விடுகிறார்கள். வீட்டுக்கு முன்னால் அங்கே வருகிறேன். 'வருகிறேன்' என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், அதனால் நம்பாதே. கதவைப் பார்த்துக்கொண்டிரு.

அப்பா

ஜூன் 4

அப்பா,

வீட்டிலேயே இருக்கிறவருக்குக் கடிதமா என்று சிரிக்காதீர்கள். நீங்கள் தூங்குகிறீர்கள். வேலைக்குப் போகுமுன் இதை உங்கள் சட்டைப் பையில் வைக்கிறேன்.

நேற்று ஒவ்வொருவராகப் பேசி முடித்தார்கள். கதவோர நாற்காலி காலியாகவே இருந்தது. என் முறை வந்தது. தலையை ஆட்டினேன். நீலம் மெல்ல மெல்ல இருட்டிக்கொண்டு வந்தது. நீங்கள் சொன்னபடியே நான் நம்பவில்லை. ஆனால் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பையும் கையுமாக வந்து நின்றீர்கள். உட்காரக்கூட இல்லை. "அவ குடிச்சதே இல்லீங்க. குடிச்சது நான்."

உங்கள் குரல் அவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியாது.

"அடிப்பாவி, என்னை எப்படி அழ வெச்சே!" என்று தையல்காரம்மா என் தோளில் அடித்தார். வில்லையை உங்களிடம் நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை. "உள்ள பூட்டி வெச்ச தொண்ணூறு நாளை எண்ண வேணாம். இன்னிக்குத்தான் எனக்கு முதல் நாள்." கண்டக்டர் வில்லையைத் தன் டப்பாவில் போட்டார். "உக்காருங்க. டீ இன்னும் சூடாத்தான் இருக்கு."

இனி அந்த அறைக்கு நான் வரக்கூடாது. வெள்ளிக்கிழமை நீங்கள் தனியாகத்தான் போகவேண்டும். மருந்துக்கடை வரைக்கும் வருகிறேன். கோடு நெளிகிற இடத்தில் நின்றுகொள்வேன்.

அம்மா காலையில் உங்கள் பெயிண்ட் செருப்பை வாசலிலிருந்து எடுத்து உள்ளே வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இந்த வீட்டில் வாயாடி நான் ஒருத்திதான்.

உங்கள்
வாயாடி