ஷர்மினியை யோசிக்கச் சொன்னேன்

8 ஏப்ரல் 2025, செவ்வாய்
ஸ்கூடாயில் நடந்த பயிற்றுநர் பயிற்சியில் கற்று வந்ததை இன்று குளுவாங் டேக்வாண்டோ வகுப்பில் தொடங்கினேன். பிள்ளைகள் முதலில் எதிராளியின் தோளைப் பார்க்க வேண்டும், எந்த உதை வரப்போகிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் கால். பதினோரு பேரில் ஷர்மினிக்கு மட்டும் சிரிப்பு.
"சொல்றதுக்குள்ள உதைச்சிடலாம் லா, கோச்."
பதின்மூன்று வயது. இவ்வளவு வேகமான கால் என்னிடம் வந்ததே இல்லை. அவளையும் சொல்ல வைத்தேன்.

26 ஏப்ரல், சனி
மற்றவர்கள் தேறுகிறார்கள். ஷர்மினி தோளைப் பார்க்கிறாள், உதடு அசைகிறது — கால் எழுவதற்குள் அடி வாங்கிவிடுகிறாள். பழகினால் சரியாகும். பயிற்சியில் அப்படித்தான் சொன்னார்கள்.

10 மே, சனி
சரியாகவில்லை. "யோசிக்காத, சும்மா உதை" என்றேன்.
"யோசிக்கக் கூடாதுன்னு யோசிக்கிறேன், கோச்."
கேலி இல்லை. கண்ணில் நீர்.

17 மே, சனி
மூவாரில் மாநில அணித் தேர்வு. ஷர்மினி சிலை மாதிரி நின்றாள். ஓரத்திலிருந்து "இப்ப! இப்ப!" என்று கத்தினேன். திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த நொடியில் தலையில் உதை விழுந்தது.
டாக்டர் பார்த்தார். ஆபத்து இல்லை. காரில் வரும்போது அவள் அம்மா வாசுகி மெதுவாகக் கேட்டார். "முன்னாடி நல்லாத்தானே உதைச்சுக்கிட்டு இருந்தா, கோச்?"
அவர் என்னைத் திட்டியிருக்கலாம். என்னத்தச் சொல்வேன் நான்?

20 மே, செவ்வாய்
ஷர்மினி வரவில்லை.

27 மே, செவ்வாய்
வீட்டுக்கே போனேன். "தனியா வா, பழைய மாதிரி பழகலாம். எதுவும் சொல்ல வேணாம்" என்றேன்.
"பழைய மாதிரி எப்படி உதைச்சேன்னே தெரியல, கோச்."
எனக்கும் தெரியல. பழைய வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துட்டேன். கால் அதுபாட்டுக்கு எழும்புது. இருந்ததைக் கெடுத்தது நான்தானே? பத்துப் பேருக்கு நல்லதா இருந்தது இவளுக்கு மட்டும் ஏன் —

14 ஜூன், சனி
மாவட்டப் போட்டியில் என் வகுப்புப் பிள்ளைகள் இருவருக்குப் பதக்கம். பெற்றோர் கை குலுக்கினார்கள். சிரித்து வைத்தேன்.

8 ஜூலை, செவ்வாய்
புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தாள், ஒன்பது வயது. வாசுகியின் அண்ணன் மகள். சீருடை அவள் கையை மூடியது. மடித்துவிடும்போது பார்த்தேன், காலருக்கு உள்பக்கம் கறுப்பு மையில் ஷர்மினியின் பெயர்.
"அத்தை குடுத்தாங்க. அக்காவுக்கு இனிமே வேணாமாம்."
உதை பழகும் பேடைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றேன்.
"எதைப் பார்த்து உதைக்கணும், கோச்?"
பேடை அவள் உயரத்துக்கு இறக்கிப் பிடித்தேன்.
"முதல்ல உதைம்மா" என்றேன்.