மூன்று புள்ளி எட்டு லிட்டர்

செப்டம்பர் 9, 2024 – திங்கள்

ஒரு வழியாக வேகம் வந்துவிட்டது. உசிலம்பட்டி ரோட்டு டயாலிசிஸ் சென்டரில் பதினான்கு மெஷின்கள். அவை நொடிக்கு நொடி அனுப்பும் எண்களை வாங்கிக் கணக்குப் போடுவதற்குள் என் நிரல் திணறும், திரை அப்படியே நின்றுவிடும். இன்று கணக்குப் பகுதியை மட்டும் தனிக் கோப்பாகப் பிரித்து, கம்ப்யூட்டரின் மொழிக்கே மாறி, அதாவது கம்பைல் ஆகி, ஓடும்படி வைத்தேன்.

அதற்கென்று தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டாம். பைத்தானில் எழுதிய என் நிரல் தொடங்கி, அந்தக் கோப்பை உள்ளே இழுக்கும்போது, அதாவது இம்போர்ட் செய்யும்போது, அதுவே இரண்டு தேதிகளைப் பார்க்கும். நான் எழுதிய கோப்பின் தேதி ஒன்று. ஏற்கெனவே கம்பைல் ஆன கோப்பின் தேதி இன்னொன்று. நான் எழுதியது புதிதென்றால் மறுபடி கம்பைல் செய்துகொள்ளும். இல்லையென்றால் இருப்பதையே ஓட்டும்.

ராஜகுரு சாரிடம் ஓட்டிக் காட்டினேன். "அப்ப நாம மறந்தாலும் அது மறக்காதுன்னு சொல்லும்மா" என்றார். நான்கு பேர் உள்ள ஆபீஸில் முதலாளி இதற்கு மேல் பாராட்ட மாட்டார்.

செப்டம்பர் 20 – வெள்ளி

சென்டர் டெக்னீஷியன் பாண்டிச்செல்வி போன் செய்தாள். எழுமலைப் பெண், கெட்டிக்காரி. மெஷின் காட்டுவதைப் பேப்பரிலும் போட்டுப் பார்ப்பவள்.

உடம்பில் தேங்கிய நீரெல்லாம் போன பிறகு நோயாளி இருக்க வேண்டிய எடையை உலர் எடை என்கிறார்கள். வரும்போது இருக்கும் எடையிலிருந்து அதைக் கழித்தால், அன்று எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்பது வரும். டாக்டர் மாத நடுவில் உலர் எடையை மாற்றினால், திரையில் புது எடை தெரிகிறதாம். கணக்கு மட்டும் பழைய எடையிலேயே போகிறதாம்.

என் தப்புதான். மாதத்தின் முதல் பதிவை எடுக்கிறேன். கடைசிப் பதிவை எடுக்க வேண்டும். ஒரே ஒரு வரி.

செப்டம்பர் 24 – செவ்வாய்

சென்டரில் யுபிஎஸ் பேட்டரி மாற்றினார்கள். அதற்காக சர்வரை அணைத்துப் போட்டதில் நெட் வரவில்லை. நேரில் போய் அங்கேயே உட்கார்ந்து அந்த வரியைத் திருத்தினேன். சேமித்த பிறகுதான் கவனித்தேன், திரை மூலையில் 2019 என்று தேதி. சர்வருக்குள் தேதியைக் காக்கும் பொத்தான் பேட்டரி செத்திருக்கும். தேதியைச் சரிசெய்து, நிரலை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். ஓடியது.

பாண்டிச்செல்வி டீ வாங்கித் தந்தாள். "ஒரு பேஷண்டுக்குப் போட்டுப் பாத்துட்டுப் போங்கக்கா" என்றாள். என் லேப்டாப்பில் நேற்றே பார்த்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

செப்டம்பர் 25 – புதன்

பதினொரு மணிக்கு பாண்டிச்செல்வி போன். "பேயாண்டி அய்யாவுக்கு 3.8 லிட்டர் காட்டுதுக்கா. கூட இருக்க மாதிரித் தெரியுது." நடுவில் ஏற்றும் சலைன், சாப்பாடு எல்லாம் சேர்த்துத்தான் காட்டும், நேற்றுத்தானே சரிசெய்தேன், நம்பிப் போடுங்க என்றேன். மதியம் வேறு க்ளையண்ட் மீட்டிங். தலைவலி.

செப்டம்பர் 26 – வியாழன்

பேயாண்டி செத்துப்போனார். நேற்றே. மெஷினில் இருக்கும்போதே பிரஷர் விழுந்து, இருதயம் நின்றுவிட்டது. அறுபத்தொரு வயது. பேரையூர் பக்கம் விவசாயி.

அவர் எடை என்ன என்று நான் கேட்கக்கூட இல்லையே.

செப்டம்பர் 28 – சனி

சென்டருக்குப் போனேன். டாக்டர் 23ஆம் தேதி அவருடைய உலர் எடையை 52.5இலிருந்து 54 ஆக்கியிருக்கிறார். நிரல் 52.5ஐத்தான் கழித்திருக்கிறது. 2.3 லிட்டர் எடுக்க வேண்டியவரிடம் 3.8.

என் திருத்தம் கோப்பில் இருக்கிறது, அதே வரி, அப்படியே. கோப்பின் தேதி 1 ஜனவரி 2019. கம்பைல் ஆன கோப்பின் தேதி 9 செப்டம்பர் 2024. நான் எழுதியதுதான் பழசு என்று நினைத்து, நிரல் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு எச்சரிக்கை இல்லை, ஒன்றும் இல்லை. அன்று சர்வரின் தேதியைச் சரிசெய்தது என் கைதான். அப்போதுகூடத் தோன்றவில்லை.

இந்த மாதம் உலர் எடை மாறியவர்கள் இன்னும் மூன்று பேர். அந்தக் கோப்பை அப்படியே விட முடியாது. தேதிகளோடு இரண்டையும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, கம்பைல் ஆனதை அழித்தேன். அடுத்த இம்போர்ட்டில் அதுவே புதிதாக உண்டாக்கிக்கொண்டது. மூன்று நொடிகூட ஆகவில்லை.

செப்டம்பர் 30 – திங்கள்

பாண்டிச்செல்வியை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் ராஜகுரு சாரிடம் சொன்னேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "போன் வந்ததுக்கு ரெக்கார்டு இருக்கும். என்ன பேசுனீங்கன்னு யாருக்கும்மா தெரியும்? திரையில 54ன்னு இருந்துச்சா இல்லையா? அவ கையால போட்டுப் பாத்திருக்கணும்." அந்த நகலையும் அழிக்கச் சொன்னார். தலையாட்டினேன். அழிக்கவில்லை.

அக்டோபர் 4 – வெள்ளி

பேயாண்டி சாவு பற்றி சுகாதாரத் துறை விசாரணை. அதிகாரி கேட்டார்: "இந்தப் பொண்ணு உங்களக் கேட்டாங்களா?"

"நிறைய போன் வரும் சார். ஞாபகம் இல்லை."

பாண்டிச்செல்வி எதிரே உட்கார்ந்திருந்தாள். குனிந்து தன் ஃபைலை மூடினாள்.

அக்டோபர் 5

சாப்பிடவில்லை.

அக்டோபர் 9 – புதன்

சர்வரைப் பார்க்க சென்டருக்குப் போனேன். வரவேற்பில் பேயாண்டியின் மகள் தமிழ்வாணி, ரிப்போர்ட் வாங்க வந்தவள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. உட்காருங்க என்று பக்கத்தில் இடம் கொடுத்தாள்.

தானாகவே பேசினாள். "அன்னிக்கு நாந்தேன் கூட்டியாந்தேன். ரெண்டு காலும் இழுக்குது தாயின்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. டயாலிசிஸ்னா அப்படித்தேன் இருக்கும், பொறுத்துக்கங்கப்பான்னு நாந்தேன் சொன்னேன்." பிறகு, "அந்தப் பாண்டிச்செல்விப் பிள்ளை இப்படிப் பண்ணிருச்சே" என்றாள்.

இல்லை, அவளில்லை, நான்தான்—வாயைத் திறந்தால் வந்துவிட்டிருக்கும். திறக்கலையே. எப்படி உக்காந்திருந்தேன் அவ பக்கத்துல? அம்புட்டு நேரம்?

அக்டோபர் 16 – புதன்

மூன்று பக்கம் எழுதினேன். பாண்டிச்செல்வி 20ஆம் தேதியே தவறைச் சொன்னது, நான் திருத்தியது, திருத்தம் ஓடாமல் போனது, ஏன் போனது, 25ஆம் தேதி போனில் அவள் கேட்டது, நான் சொன்னது. விசாரணையில் பொய் சொன்னேன் என்பதையும். கோப்புகளின் நகலோடு அதிகாரியிடம் நேரில் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "வக்கீல் யாரையாவது பாத்தீங்களா?" என்றார். இல்லை என்றேன்.

ஆபீஸுக்குப் போய் லேப்டாப்பை ஒப்படைத்தேன். ராஜகுரு சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நாலு குடும்பத்தையும் தெருவுல நிறுத்திட்ட" என்றார். அதுவும் பொய்யில்லை.

அம்மா எங்கள் வீட்டுப் பாஷையில் ஒன்றே ஒன்று கேட்டாள்: ஜெயிலில் போடுவார்களா? தெரியாது என்றேன். செல்லூர்த் தெருவில் தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நவம்பர் 11 – திங்கள்

பாண்டிச்செல்வியை வேலைக்குத் திரும்ப எடுத்துவிட்டார்கள் என்று சென்டர் வாட்ச்மேன் சொன்னார். இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. எடுக்க வேண்டியதும் இல்லை.

ஜனவரி 7, 2025

பேயாண்டி சாவு குறித்துப் போலீஸ் போட்ட வழக்கில் என் பெயரைச் சாட்சிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டாம் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவள். முதல் எதிரி ராஜகுரு சார்.

ஜூலை 16 – புதன்

உசிலம்பட்டி கோர்ட். பெயரைக் கூப்பிட்டார்கள், போய் நின்றேன், தேதி கொடுத்தார்கள். ஐந்து நிமிஷம்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். தமிழ்வாணி பின்னாலேயே வந்திருக்கிறாள். பக்கத்தில் வந்து நின்றாள்.

"நடந்தத அதிகாரிகிட்ட எழுதிக் குடுத்தது நீங்கதானே?"

"ஆமா."

"நம்பிப் போடுங்கன்னு போன்ல சொன்னதும் நீங்கதானே?"

"ஆமா."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. வெயிலில் ஒரே தூணின் நிழலில் கால் மணி நேரம் நின்றோம். அவளுடைய பேரையூர் பஸ் முதலில் வந்தது.