இரண்டு பேருக்கு ஒரு பூட்ஸ்

அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே கிடங்கில் ஒரு சின்ன விபத்து. எனக்கு ஒன்றுமில்லை. இரும்பு முனை வைத்த பூட்ஸ் எனக்கும் என்னோடு அறையில் தங்கியிருக்கும் அண்ணனுக்கும் சேர்த்து ஒரே ஜோடி. ஆளுக்கு ஒரு நாள் போடுவோம். செவ்வாய் அவர் முறை. எனக்குக் காய்ச்சல் என்று, "நீ போட்டுக்கடா, செருப்போட நிக்காத" என்று கழற்றிக் கொடுத்தார். அன்றுதான் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் அவர் காலில் ஏறியது. வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

நேற்று மேலாளர் ஆஸ்பத்திரிக்கே வந்து அவருக்குப் புது பூட்ஸ் கொடுத்தார். பூட்ஸ் பெற்றுக்கொண்டதாகப் போன மாதத் தேதி போட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். மேலாளர் போனதும் அண்ணன் சிரித்தார். "வலதை நீ வச்சுக்கடா, உன்னோடது பிஞ்சிருக்கு."

தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். பழைய பூட்ஸ் அவர் அளவு, எனக்குத் தொளதொளவென்று இருக்கிறது. இனி தினமும் என் முறைதான்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்