ஜன்னலுக்கு வெளியே நின்ற தாய்மாமன்

மச்சான்,

திருப்பத்தூரில் வாங்கி வந்த ஜன்னல் கொசுவலைச் சுருளை இன்று காலை கூடத்தில் பிரித்தேன். புது மழைக்கோட்டின் வாசம். மூக்கில் அது ஏறியதும் உங்கள் குரல்தான் காதில் விழுந்தது: "அளவு எடுத்தீங்களா மாப்ள, இல்ல வாயாலயே அளந்தீங்களா?" எடுத்தேன். டேப்பை வைத்துத்தான் எடுத்தேன். பக்கத்தில் நின்று உங்கள் தங்கை சரிபார்த்தாள் என்பது வேறு விஷயம்.

பழைய சட்டங்களை எல்லாம் கழற்றியாயிற்று. நீங்கள் அடித்த ஆணிகளைப் பிடுங்குவதற்குள் எனக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. வலையை நிறுத்தவா, இல்லை மாட்டைக் கட்டவா அப்படி அடித்தீர்கள்? வலை நைந்து, தொட்டால் உதிர்கிறது. ஆணி மட்டும் வரமாட்டேன் என்கிறது. இப்போதெல்லாம் ஆணி கிடையாது. ஜன்னலைச் சுற்றி ஒட்டு டேப், குழந்தைகளின் செருப்புப் பட்டையில் இருக்குமே, அது. வலையை வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் சர்ரென்று வந்துவிடும். நான்கூடச் செய்யலாம் என்பதிலிருந்தே அது எவ்வளவு சுலபமான வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த வீட்டுக்கு முதன்முதலாக வலை வந்த கதையை உங்களுக்கே சொல்லப்போகிறேன். தெரிந்த கதைதானே என்பீர்கள். பாதி நேரம் நீங்கள் வெளியே நின்றிருந்தீர்கள், மச்சான். உள்ளே நடந்தது உங்களுக்கு முழுதாகத் தெரியாது.

எங்கள் மகள் பாப்பா தலைப்பிரசவம் ஆகி ஆஸ்பத்திரியில் இருந்தாள். தாய்வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அவளுடைய மாமியார், நம் சம்பந்தியம்மா, ஒரே பேச்சில் முடித்துவிட்டார். மலையில் பூச்சி பொட்டு ஜாஸ்தி, ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தால் அனுப்புவாராம். இல்லையென்றால் குழந்தை அவர் வீட்டுக்கு நேரே போகும். தொட்டில் கிறீச்சிடுகிறது என்று கடைக்காரரிடமே திருப்பி அனுப்பியவர் அவர். சொன்னால் செய்வார். பிள்ளை பெற்றவள் தாய்வீட்டை மிதிக்காமல் போனாள் என்றால் புதூர்நாடு முழுக்க ஒரே நாளில் பரவிவிடும். இப்படிப்பட்ட சேதிகளைப் பரப்புவதில் முதல் ஆள் நான் என்பதால் அதன் வேகம் எனக்குத் தெரியும். உங்கள் தங்கை அன்றிரவு சாப்பிடவில்லை.

கீழே இருந்து ஆள் கூப்பிடலாம் என்றேன். நீங்கள் விடவில்லை. பாப்பாவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. அதனால் அவள் குழந்தைக்குச் செய்யவேண்டிய தாய்மாமன் சீரையும், அவளுடைய தாய்மாமனான நீங்களே தலையில் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். "தொட்டில் என் சீருன்னா, தொட்டில்ல பூச்சி ஏறாம பாக்கறதும் என் சீருதான் மாப்ள" என்று சுத்தியலோடு வந்துவிட்டீர்கள்.

நம் ஜன்னல் கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை. காற்று வரட்டும் என்று அவற்றை அகலத் திறந்து, வெளியே கொக்கி மாட்டினோம். உள்பக்கம் கம்பிகளின்மேல் மரச்சட்டம் வைத்து, வலையை இழுத்துப் பிடித்துச் சுற்றிலும் ஆணி அடித்தீர்கள். நான் வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசினேன். முடித்ததும் எட்ட நின்று அழகு பார்த்தோம். இனி காற்றுகூடக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும் என்றேன். மழை வந்தால் கதவை எப்படி இழுத்துச் சாத்துவது என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. கையை நுழைக்க எங்கும் இடமில்லை. இத்தனைக்கும் நாம் பிறந்ததிலிருந்து இந்த மலையில்தான் நனைகிறோம்.

மறுநாள் சம்பந்தியம்மாவே பாப்பாவையும் குழந்தையையும் ஜீப்பில் கூட்டிவந்தார். பைகளை இறக்க வேண்டாம், வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுத்தான் வாசலில் கால் வைத்தார். ஒவ்வொரு ஜன்னலாகப் போய் வலையை விரலால் குத்திப் பார்த்தார். குறை கிடைக்கவில்லை. டீ கொண்டுவரச் சொன்னேன். டீயோடு மழையும் வந்தது.

நம் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டுமா? மேலிருந்து விழுவதைவிடப் பக்கவாட்டில் அடிப்பதுதான் அதிகம். தொட்டிலோ ஜன்னலுக்கு நேராக. சாரல் வலையில் பட்டு மாவு சலித்த மாதிரி உள்ளே இறங்கியது. கதவைச் சாத்தும்படி உங்கள் தங்கை எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் உங்களைத் தேடினேன். நீங்கள் அறையிலேயே இல்லை. அப்போதுதான் அந்த ஜன்னல் கதவுகள் இரண்டும் வெளியிலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக, மரியாதையாக மூடிக்கொண்டன.

சம்பந்தியம்மா திரும்பிப் பார்த்தார். "இன்னாண்ணா இது, தானா மூடுது?"

"புது மாடல்ங்க. மழை பட்டா சாத்திக்கும்" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு மதிப்பு வந்தது. நம் வீட்டைப் பார்த்து அவர் அப்படி மதித்தது அதுதான் முதல் தடவை. அது நிலைக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். ஆனால் தாழ்ப்பாள் கதவின் உள்முகத்தில் இருந்தது, வலைக்கு அந்தப் பக்கம். உள்ளிருந்து எனக்கு எட்டாது, வெளியிலிருந்து உங்களுக்கு எட்டாது. அதனால் நீங்கள் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டீர்கள். மழையோ வலுத்துக்கொண்டே போனது.

சற்று நேரத்தில் ஜன்னல் தும்மியது.

சம்பந்தியம்மா டம்ளரைக் கீழே வைத்தார். காற்று அப்படித்தான் சத்தம் போடும் என்றேன். மறுபடி தும்மல். இந்தத் தடவை தும்மிய பிறகு ஜன்னல் "முருகா" என்றது. பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தையல் வலிக்கிறது என்று திட்டிக்கொண்டே சிரித்தாள். சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. பையிலிருந்து குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கதவு வழியாகப் பேச்சு எங்களுக்குக் கேட்டது. ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று அவர் கேட்டார். நீங்கள் சொன்னது ஒன்றுதான்: "கொழந்த தூங்குதும்மா. மெதுவா பேசுங்க."

அவர் குடையை உங்கள் கையில் கொடுத்தது வரைதான் உங்களுக்குத் தெரியும். நனைந்த முந்தானையோடு உள்ளே வந்தார். பைகளை இறக்கச் சொல்லி டிரைவருக்குக் குரல் கொடுத்தார். பிறகு என்னிடம் வந்து, "வலைய பாத்து வுட்டுட்டுப் போறேன்னு நெனச்சுக்காதீங்கண்ணா. அந்த அண்ணன் நிக்கறாரே, அவர பாத்துதான் வுட்டுட்டுப் போறேன்" என்றார்.

அன்றே உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் கூச்சப்பட்டு ஒரு வாரம் நம் வீட்டுப் பக்கமே வரமாட்டீர்கள். சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மறுநாள் நீங்களே வந்து எல்லா வலையிலும் கை நுழையும் அளவுக்கு மூலையை அறுத்து, உங்கள் பழைய சட்டைத் துணியில் தூக்கிவிடுகிற மூடி வைத்துத் தைத்தீர்கள். தையல் கோணல்தான். தாழ்ப்பாள் எட்டியது.

போன மாசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் கீழே இறங்கினீர்கள். திரும்பி வரும்போது உங்களுக்கென்று தனி வண்டி.

இப்போது பாப்பா இரண்டாவது பிள்ளைக்கு மாசமாக இருக்கிறாள், நாள் நெருங்கிவிட்டது. பிரசவமானதும் இங்கேதான் வரவேண்டும் என்று உங்கள் தங்கை ஆசைப்படுகிறாள். நேற்று சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு, புது வலை, ஒட்டு டேப், கழற்றி மாட்டுகிற வசதி என்று ஒரு கடைக்காரனைப் போல அடுக்கினேன். அவர் எதையும் காதில் வாங்கவில்லை.

"வலை கெடக்கட்டும்ண்ணா. அந்த அண்ணன் இல்லியே இப்ப. ஒண்ணுன்னா அங்க யாரு நிப்பாங்க?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற வாய் இது, உங்களுக்குத் தெரியும். உங்கள் தங்கை கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் நிக்கறேன்ங்க" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பார் என்று காத்திருந்தேன். நான் சொல்லிக் கேட்டிருந்தால் நீங்களே சிரித்திருப்பீர்கள். அவர் சிரிக்கவில்லை. "சரிண்ணா, அனுப்பறேன்" என்றார்.

உங்கள் இடத்துக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன், மச்சான். போனை வைத்த பிறகும் வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தேனாம். உங்கள் தங்கைதான் வந்து, கால் வலிக்கப் போகிறது, உட்காருங்கள் என்றாள்.