வியாழக்கிழமைக் குரல்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
8 ஜூலை 1934.

அன்புள்ள அம்மாவுக்கு மகள் இன்பம் தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். நீயும், இந்தக் கடிதத்தை உனக்கு வாசித்துக் காட்டும் அடுத்த வீட்டு அழகுத்தாய் அக்காவும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன்.

ஒரு சந்தோஷ சமாச்சாரம். என்னைப் பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். போர்டிங்கில் எண்பது பிள்ளைகள் இருக்கிறோம். அதில் எடுத்தது பதினாறு பேரை. வேதசிரோமணி டீச்சர் ஒவ்வொருத்தியையும் சுவரைப் பார்த்து நிற்கவைத்துப் பாடச் சொன்னார்கள். அப்படிப் பாடினால் நம் குரல் திரும்பி வந்து நம் காதிலேயே விழும், தப்பு எங்கே என்று நமக்கே தெரிந்துவிடும். நான் பாடி முடித்ததும், "இது யார் வீட்டுத் தொண்டை?" என்று கேட்டார்கள். நான் சிரித்துவிட்டேன். முதல் வரிசையில் இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளைப் பாவாடையும் தாவணியும் பள்ளிக்கூடத்திலேயே கொடுப்பார்கள்.

பண்டிகை வாரத்தில் புளி, ஊறுகாய், கருவாடு எதுவும் கூடாதாம். மிளகும் பனங்கற்கண்டும் போட்ட வெந்நீர்தான். அதனால் இனிமேல் எனக்குக் கருவாடு வறுத்துக் கொண்டுவராதே.

இன்னொன்று. வியாழக்கிழமை நீ வியாபாரத்துக்கு வரும்போது என்னைப் பார்க்க முன்வாசல் வழியாக வர வேண்டாம். கிணற்றடிப் பக்கம் சின்ன வாசல் ஒன்று இருக்கிறது. கூடையை வெளியே எங்கேயாவது வைத்துவிட்டு வா. டீச்சர் யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

உன் பிரியமுள்ள மகள்,
இன்பம்.


இராஜபாளையம்,
14 ஜூலை 1934.

என் மகள் இன்பத்துக்கு அம்மா அன்னாள் ஆசீர்வாதம் சொல்லி அழகுத்தாயைக் கொண்டு எழுதுவது.

உன் கடிதத்தை அழகுத்தாய் மூன்று தடவை வாசித்தாள். முதல் தடவை எனக்கு, இரண்டாம் தடவை தெருவுக்கு, மூன்றாம் தடவை நம் சபை உபதேசியாருக்கு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "உம்ம புருசன் இருந்திருந்தா இந்நேரம் ஊரைக் கூட்டியிருப்பார்" என்றார். நான் ஊரைக் கூட்டவில்லை. கருவாடு வாங்க வந்தவர்களிடம் மட்டும் சொன்னேன். அதுவே ஊர் அளவுக்கு ஆகிவிட்டது.

புளி கூடாதென்றால் சரி. கருவாடு தொண்டையை என்ன செய்தது என்று உங்கள் டீச்சரிடம் கேள். நான் பால்குடி மறந்த நாளிலிருந்து தின்கிறேன். முதல் தெருவில் நின்று கூவினால் மூன்றாம் தெருவில் சட்டியைக் கழுவி வைக்கிறார்கள்.

கூடையை வெளியே வைக்கச் சொன்னாய். சும்மா வைத்தால் காக்கையும் நாயும் வியாபாரத்தை முடித்துவிடும். வெற்றிலைக் கடை சுயம்புலிங்கத்திடம் சொல்லிவைக்கிறேன், செத்த நேரம் பார்த்துக்கொள்வார். பின்வாசல் வழியாகவே வருகிறேன். எந்த வாசலாக இருந்தால் என்ன, உள்ளே இருக்கிறது என் பிள்ளைதானே. வயிற்றைக் காயப்போடாதே.

உன் அம்மா,
அன்னாள்.

அழகுத்தாய் எழுதுவது: உன் கடிதத்தைக் கேட்டதும் உங்கம்மாவும் சுவரைப் பார்த்து நின்று ஒரு தடவை கூவிப் பார்த்தாள். என் காது இன்னும் அடைத்திருக்கிறது.


ஸ்ரீவில்லிபுத்தூர்,
15 நவம்பர் 1936.

அன்புள்ள அம்மாவுக்கு இன்பம் தோத்திரம்.

மூன்று மாதமாக நீ வியாழக்கிழமைகளில் இந்தப் பக்கம் வருவதே இல்லை. லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது கேட்கலாம் என்றிருந்தேன், கேட்காமலே திரும்பிவிட்டேன். கடைசியாக நீ வந்த அன்று என்னைப் பார்க்காமலே போய்விட்டாய். கிணற்றடியில் வெகுநேரம் நின்றேன். அன்று உனக்கு நேரமாகிவிட்டதா?

குழுவில் இப்போது முதல் எடுப்பு என்னுடையது. நான் ஆரம்பித்தால்தான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். சாத்தூரில் சபை கூடியபோது எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆயிரம் பேருக்குக் குறையாது. வேதசிரோமணி டீச்சர், "பயமா இருந்தா கடைசி வரிசையில இருக்கிறவளுக்குக் கேக்கணும்னு நெனச்சுப் பாடு" என்றார்கள். அப்படியே பாடினேன். எல்லாரும் மெச்சினார்கள். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

நீ என்மேல் கோபமாக இல்லை என்று ஒரு வரி எழுது.

உன் மகள்,
இன்பம்.


இராஜபாளையம்,
22 நவம்பர் 1936.

என் மகள் இன்பத்துக்கு அம்மா ஆசீர்வாதம்.

பெற்ற பிள்ளைமேல் கோபப்பட்டு எங்கே கொண்டுபோய் வைப்பது. சேத்தூர், தேவதானம் பக்கம் நடவு வேலை நடக்கிறது. வயலில் இறங்குகிறவர்களுக்குக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கருவாடு வேண்டும். கூடை பாதி வழியிலேயே காலியாகிவிடுகிறது. அதனால்தான் வடக்கே வருவதை விட்டு இந்தப் பக்கம் போகிறேன். அன்றைக்கு நேரமாகிவிட்டது. அவ்வளவுதான்.

உபதேசியார் வீட்டம்மாவிடம் முறுக்கு கொடுத்தனுப்பியிருக்கிறேன். பாடுகிற பிள்ளைகள் பதினாறு பேருக்கும் கொடு.

உன் அம்மா,
அன்னாள்.

அழகுத்தாய் எழுதுவது: 'அவ்வளவுதான்' என்பதை இரண்டு தடவை எழுதச் சொன்னாள். நான் ஒரு தடவைதான் எழுதினேன்.


ஸ்ரீவில்லிபுத்தூர்,
15 மார்ச் 1942.

அன்புள்ள அம்மாவுக்கு இன்பம் தோத்திரம். அழகுத்தாய் அக்கா, இதைக் கதவைச் சாத்திவிட்டு அம்மாவுக்கு மட்டும் வாசியுங்கள். நடுவில் நிறுத்த வேண்டாம்.

ஈஸ்டர் ஆராதனைக்கு வரச் சொல்லி எழுதினேன். முழங்கால் வலி என்கிறாய். கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டபோது உடுத்த நல்ல சேலை இல்லை என்றாய். சேலை அனுப்பினேன், அது உனக்கு நீளம் என்றாய். வேதசிரோமணி டீச்சர் வேலையை விட்டு ஊருக்குப் போனபிறகு இந்தக் குழுவை நான்தான் நடத்துகிறேன். படித்த பள்ளிக்கூடத்திலேயே டீச்சராகவும் ஆகிவிட்டேன். ஆனாலும் பாடகர் குழுவோடு நான் பாடி நீ ஒரு நாளும் கேட்டதில்லை. அதற்குக் காரணம் முழங்கால் இல்லை என்று நினைக்கிறேன்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். உப்பு விற்கிற கிழவர் ஒருவர் தெருவில் கூவிக்கொண்டு போனார். ஞானப்பூ என்று ஒரு பிள்ளை, குழுவில் அவளுக்குத்தான் நல்ல தொண்டை, அவரைப் போலவே கூவிக் காட்டினாள். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் பிரம்பை எடுத்துவிட்டேன். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அடிப்பேன்?

1936 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, தையல் வகுப்பு முடிந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். வெளியே நீ, "நெத்திலி, சாளை, வாளைக் கருவாடேய்" என்று கூவினாய். ஒருத்தி சிரித்தாள். "இவ்வளவு மேலே யாராலயும் எடுக்க முடியாதுட்டி" என்றாள். முடியும் என்று காட்டத் தோன்றியது, அம்மா. முதல் எடுப்புக்காரி அல்லவா நான். ஒரு தடவை கூவினேன். இன்னொரு தடவை என்றார்கள். மூன்று தடவை கூவினேன். எல்லாரும் கைதட்டினார்கள். சாத்தூரில்கூட எனக்கு அப்படிக் கைதட்டவில்லை.

நீ கேட்டிருப்பாயோ என்று அன்று முதல் பயந்துகொண்டே இருக்கிறேன். கேட்டிருக்க மாட்டாய் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொள்கிறேன். உன் உழைப்பில் தின்றுகொண்டு உன்னையே கேலி செய்தேன். நினைத்தால் கூசுகிறது. என்னை மன்னித்துவிடு. மன்னித்தேன் என்பதற்கு அடையாளமாக ஈஸ்டருக்கு வா.

உன் மகள்,
இன்பம்.


இராஜபாளையம்,
20 மார்ச் 1942.

என் மகள் இன்பத்துக்கு அம்மா அன்னாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது.

உன் கடிதம் வந்தது. நீ சொன்னபடியே அழகுத்தாய் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள்.

எனக்குத் தெரியும், இன்பம். அன்றைக்கு உங்கள் சுவரை ஒட்டி நின்று ஒரு வீட்டம்மாவுக்கு நெத்திலி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று என் குரல் எனக்குப் பின்னால் கேட்கிறது. எவளோ போட்டிக்கு வந்துவிட்டாள் என்று, "எவட்டி அது, நான் விக்கிற தெருவுல?" என்று சண்டைக்குத் திரும்பினேன். தெருவில் ஆளில்லை. சத்தம் சுவருக்கு உள்ளேயிருந்து வந்தது. "இன்பம், இன்னொரு தடவ" என்று பிள்ளைகள் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அச்சு அசல் நானேதான். சாளையை மட்டும் கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டாய்.

நான் வராமல் இருந்தது அதற்காக இல்லை. சிறுபிள்ளைகள் கேலிக்கெல்லாம் கோபப்பட்டால் ஒரு தெருவிலும் கூடை இறக்க முடியாது. நீ கூவி முடித்ததும் ஒரு பிள்ளை உன்னிடம் ஒன்று கேட்டது. அதற்கு நீ ஒன்று சொன்னாய். அதைக் கேட்டுத்தான் திரும்பிப் போனேன். இந்தக் கடிதத்தில் அது இருக்குமென்று காத்திருந்தேன். அழகுத்தாயை மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னேன். இல்லை. "அவ மறந்திருப்பாக்கா" என்கிறாள் அழகுத்தாய். நீ மறக்கிற பிள்ளை இல்லை. அது என்ன வார்த்தை என்று அவளிடம்கூட நான் சொல்லவில்லை. என் மகளை நான் அடுத்தவரிடம் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஈஸ்டரைப் பிறகு பார்ப்போம். வருகிற வியாழக்கிழமை உன் பள்ளிக்கூடத் தெருவுக்கு வியாபாரத்துக்கு வருகிறேன். கூடையோடு, கூவிக்கொண்டுதான் வருவேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. வாசலில் நிற்க மாட்டேன், உன்னைக் கூப்பிடவும் மாட்டேன். யார் என்று உன் பிள்ளைகள் கேட்டால், உன் வாயில் என்ன வருகிறதோ அதைச் சொல்.

உன் அம்மா,
அன்னாள்.

அழகுத்தாய் எழுதுவது: இன்பம், இதில் நான் ஒரு எழுத்தும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.


ஸ்ரீவில்லிபுத்தூர்,
26 மார்ச் 1942, வியாழக்கிழமை.

அம்மாவுக்கு இன்பம் தோத்திரம்.

நான் எழுதாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். "அந்தப் பொம்பள யாருட்டி, ஒனக்குத் தெரியுமா?" என்று அன்று ஒருத்தி கேட்டாள். "யாரோ கருவாட்டுக்காரி, எனக்கென்ன தெரியும்" என்றேன். ஒரு நாளும் நான் மறக்கவில்லை. போன கடிதத்தில் அதையும் எழுதினேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். அழகுத்தாய் அக்கா வாசிப்பார்களே என்று வெட்கம். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிற கடிதத்திலும் என் மானத்தைத்தான் காப்பாற்றியிருக்கிறேன்.

இன்று நீ வந்தாய். ஈஸ்டர் பாட்டுகளைப் பழகிக்கொண்டிருந்தோம். தெருக்கோடியில் உன் குரல் கேட்டதும் ஆர்மோனியத்தில் என் கை நின்றுவிட்டது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். கேட்கட்டும், சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். ஒருத்தியும் கேட்கவில்லை. தெருவோடு போகிறவர்களைப் பற்றி டீச்சரிடம் யார் கேட்பார்கள்? உன் குரல் கிட்டே வந்தது, முன்வாசலைத் தாண்டியது. அதன்பிறகுதான் எழுந்தேன். செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினேன். பிள்ளைகளும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

"யாரத் தேடுதீங்க டீச்சர்?" என்றாள் ஞானப்பூ.

"எங்கம்மாவ. அந்தா கூடையோட போறாகல்லா, அவியதான் எங்கம்மா."

சொல்லிவிட்டேன், அம்மா. பதினாறு பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. நீ நாலைந்து வீடு தள்ளிப் போய்க்கொண்டிருந்தாய்.

"அப்பொ கூப்பிடுங்க டீச்சர், போயிருவாக" என்றாள் அவள்.

வாயைத் திறந்தேன். எதிரே கடை வாசலில் நாலு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு டீச்சர் தெருவில் நின்று கத்துவதா என்று தோன்றியது. அந்த ஒரு நிமிஷம்தான். ஆயிரம் பேர் இருந்த சபையில் முதல் எடுப்பு எடுத்தவளுக்கு, தெருவில் நின்று 'அம்மா' என்று கூப்பிட வாய் வரவில்லை. நீ மூலை திரும்பிவிட்டாய். மூலை வரைக்கும் ஓடிப் பார்த்தேன், அங்கே நீ இல்லை. அடுத்த தெருவில் உன் சத்தம் மட்டும் கேட்டது.

வருகிற வியாழக்கிழமையும் வா, அம்மா. நிற்க வேண்டாம். நான் கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்.

அன்னாள் மகள்,
இன்பம்.